காவலுக்கும் ஒரு காவல்!
டாக்டர் எர்லிக் விட்டுச் சென்ற புதிர்

ஜெர்மனியில் ஒரு டாக்டர் இருந்தார். சுருட்டு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. தினமும் 25 சுருட்டு பிடிப்பார். அவர்தான் பால் எர்லிக்.

1854-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி ஸ்திரேலன் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது.

மாணவராக இருக்கும்போதே அவருக்குச் சாயங்கள் மீது பைத்தியம். சாயம் ஏற்றினால் ரத்த அணுக்கள் வகை வகையாகப் பிரிந்து தெரியும் என்று காட்டினார்.

ஆட்டு ரத்தம்

1900-ம் ஆண்டு வாக்கில் ஒரு சோதனை செய்தார். ஓர் ஆட்டின் ரத்தத்தை வேறோர் ஆட்டுக்கு ஊசியில் ஏற்றினார். அந்த அன்னிய ரத்தத்தை அழிக்கும் பொருள் இரண்டாவது ஆட்டின் உடம்பில் உண்டாயிற்று. ஆனால் அது தன் சொந்த ரத்தத்தைத் தொடவே இல்லை!

உடம்பு தன்னைத் தானே தாக்காதபடி உள்ளே ஏதோ ஒரு கட்டுப்பாடு இருக்கவேண்டும் என்று எர்லிக் கருதினார்.

1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ருஷ்ய விஞ்ஞானி மெட்சினிகாப்புடன் அதைப் பகிர்ந்துகொண்டார்.

ஏன் வளர்கிறது?

1909-ல் எர்லிக் புதிய கருத்து ஒன்றை வெளியிட்டார். உடம்பில் புற்று அடிக்கடி முளைக்கிறது. உடம்பின் காவல் சக்தி அதை முளையிலேயே கிள்ளிவிடுகிறது என்றார்.

அப்படியானால் சிலருக்கு மட்டும் புற்று ஏன் வளர்கிறது? விடை தெரியாமலே 1915 ஆகஸ்டு 20-ந் தேதி, 61-வது வயதில் எர்லிக் காலமானார்.

80 ஆண்டுகள் கழித்து...

1995-ல் ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி ஒரு வகை வெள்ளை அணுக்களை அடையாளம் காட்டினார். இவற்றின் வேலை சண்டை போடுவது அல்ல. சண்டை போடும் மற்ற அணுக்களை அடக்கி வைப்பது! இவை இல்லாவிட்டால் உடம்பே உடம்பைத் தாக்கும். எர்லிக் நினைத்த கட்டுப்பாடுகளில் ஒன்று இது.

இங்கேதான் புற்றுக்கட்டி தந்திரம் செய்கிறது. சில ரசாயனப் பொருள்களைச் சுரந்து, இந்த அடக்கும் அணுக்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. திருடனைப் பிடிக்க வந்த காவலரை, மேலதிகாரியே கையைப் பிடித்து நிறுத்துவது போல் ஆகிவிடுகிறது. கட்டி வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

2025-ல் சகாகுச்சிக்கும் அமெரிக்க விஞ்ஞானிகள் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அடக்கும் அணுக்களை அடியோடு ஒழித்தால் உடம்புக்கே ஆபத்து. ஆகவே, கட்டியைச் சுற்றி நிற்பவற்றை மட்டும் விலக்க விஞ்ஞானிகள் வழி தேடி வருகிறார்கள். எர்லிக் அன்று கண்ட கட்டுப்பாடும் வேண்டும். அது புற்றுக்குத் துணை போகவும் கூடாது!