உறுதி கேட்ட ஆட்டக்காரர்

1952 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் இந்தியா தனது முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. டெஸ்ட் ஆடத் தொடங்கி 20 ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த வெற்றி அது. இங்கிலாந்தின் 20 விக்கெட்டுகளில் 12-ஐ வீழ்த்தியவர் வினு மன்கட். அதே ஆண்டு கோடையில் இந்திய அணி இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது, அந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. காயமோ, ஆட்டத்தில் தளர்ச்சியோ காரணமன்று. தமக்கு இடம் உண்டா என்று அவர் முன்கூட்டியே கேட்டிருந்தார், அதுவே காரணம்.

தொழிலாளர் பொருளியலை நெடுங்காலம் வகுப்பறையில் நடத்தியவன் என்பதால், மன்கட்டின் சதங்களைவிட இந்தக் கேள்வியே என்னை அதிகம் ஈர்க்கிறது.

மூல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட் 1917 ஏப்ரல் 12 அன்று நவாநகர் சமஸ்தானத்தின் தலைநகரான ஜாம்நகரில் பிறந்தார். ரஞ்சித்சிங்ஜி ஆண்டுகொண்டிருந்த ஊர் அது. அன்றைய இந்தியக் கிரிக்கெட்டில் மன்னர்களின் கை ஓங்கியிருந்தது. ஆடத் தெரிந்த ஏழை இளைஞனுக்கு சமஸ்தானத்தில் ஏதேனும் ஒரு வேலை கிடைக்கும். அதை ஊதியம் என்பதைவிடத் தயவு என்பதே பொருத்தம். சசெக்ஸ் அணியில் ஆடிய பெர்ட் வென்ஸ்லி நவாநகருக்குப் பயிற்சியாளராக வந்தது மன்கட்டுக்கு வாய்த்த நற்பேறு. அவரது இடக்கைச் சுழற்பந்து அங்கேதான் செம்மை பெற்றது. மட்டையை மட்டும் வலக்கை ஆட்டக்காரராகவே பிடித்தார். 1936-37 பருவத்தில் நவாநகர் ரஞ்சி கோப்பையை வென்றது; அடுத்த பருவத்தில் இந்தியா வந்த டென்னிசன் பிரபுவின் அணிக்கு எதிராக மட்டை, பந்து இரண்டிலும் சராசரிப் பட்டியலின் முதலிடம் அவருக்கே.

பிறகு போர் குறுக்கிட்டது. முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 29. அந்த 1946 இங்கிலாந்துப் பயணத்தில் அவர் குவித்தவை 1,120 ரன்களும் 129 விக்கெட்டுகளும். ஒரே பயணத்தில் ஆயிரம் ரன், நூறு விக்கெட் என்ற இரட்டைச் சாதனையை வேறு எந்த இந்தியரும் எட்டியதில்லை.

இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயர் லீக் என்றொரு அமைப்பு உண்டு. பருத்தி ஆலைகள் நிறைந்திருந்த சிற்றூர்களின் சங்கங்கள் அதில் மோதும். உள்ளூர்க்காரர்களோடு, சம்பளம் பெறும் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரையும் ஒவ்வொரு சங்கமும் ஒப்பந்தம் செய்துகொள்ளும். ஆலை விட்ட சனிக்கிழமைப் பிற்பகலில் டிக்கெட் வாங்கி வந்த தொழிலாளியின் காசுதான் அந்தச் சம்பளத்துக்கு ஆதாரமாக இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் லியரி கான்ஸ்டன்டைன் நெல்சன் சங்கத்துக்கும், அமர்சிங் கோல்ன் சங்கத்துக்கும் இப்படி ஆடியவர்கள். மன்னரின் தயவுக்கும் ஆலைத் தொழிலாளியின் டிக்கெட்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பொருளியல் மாணவனுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டாவதில் ஒப்பந்தம் இருந்தது.

1952 கோடைக்கு ஹாஸ்லிங்டன் சங்கம் அழைத்தபோது மன்கட் வாரியத்திடம் கேட்டது எளிய ஒன்று: இந்திய அணியில் இடம் உறுதி என்றால் அந்த ஒப்பந்தத்தை விட்டுவிடுகிறேன். குடும்பம் நடத்தும் 35 வயது மனிதரின் நியாயமான கணக்கு அது. வாரியம் உறுதி தர மறுத்தது. மன்கட் ஹாஸ்லிங்டனில் கையெழுத்திட்டார். தேசத்தின் மானத்தைவிடப் பணம் பெரிதா என்ற வாதம் அன்றும் எழுந்திருக்கும், இன்றும் எழும். உறுதி தர மறுத்தவர்களிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

லீட்ஸில் நடந்த முதல் டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு ரன்கூட எடுக்காமல் இந்தியா நான்கு விக்கெட்டுகளை இழந்தது. வாரியம் ஹாஸ்லிங்டனிடம் போய், மன்கட்டை விடுவிக்குமாறு கேட்க வேண்டியதாயிற்று. லீக் ஆட்டங்களிலிருந்து நேரே லார்ட்ஸ் வந்தவர், தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 72 ரன் எடுத்தார். பின்னர் 73 ஓவர்கள் வீசி ஐந்து விக்கெட். கைவலி ஆறுமுன் மீண்டும் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 184. அன்றுவரை டெஸ்டில் ஓர் இந்தியர் எடுத்த மிக உயர்ந்த ரன் அது. இங்கிலாந்தின் இரண்டாவது இன்னிங்ஸில் மேலும் 24 ஓவர். இந்தியா எட்டு விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. ஆனாலும் அந்தப் போட்டி மன்கட்டின் டெஸ்ட் என்றே வரலாற்றில் நிற்கிறது.

அவ்வாண்டு அக்டோபரில், பாகிஸ்தானுக்கு எதிரான முதல் டெஸ்டில், தில்லியில் 13 விக்கெட்டுகள். ஆயிரம் ரன்னையும் நூறு விக்கெட்டையும் அவர் 23 டெஸ்டுகளில் எட்டினார். அதைவிட விரைவாக எட்ட 1979-ல் இயன் போத்தம் வர வேண்டியிருந்தது. முதல் இடம் தொடங்கி பதினோராம் இடம் வரை எல்லா இடங்களிலும் அவர் மட்டை பிடித்திருக்கிறார். அணியின் தேவை எதுவோ அதுவே அவர் வேலை.

இத்தனைக்கும் பிறகு உலகம் அவர் பெயரை ஒட்டவைத்தது வேறொன்றில். 1947 டிசம்பரில் சிட்னி டெஸ்டில், பந்து வீசும் முன்பே எதிர்முனைக் கோட்டை விட்டு நகர்ந்த ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை மன்கட் ரன் அவுட் செய்தார். அதற்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் பிரவுனை ஒருமுறை எச்சரித்து, மறுமுறை ஆட்டமிழக்கவும் செய்திருந்தார். எதிரணித் தலைவர் பிராட்மனே பின்னாளில் தன் வரலாற்று நூலில் மன்கட்டின் பக்கம் நின்றார். இருந்தும் ‘மன்கடிங்’ என்ற சொல் ஏச்சாகவே வழங்கியது. விதியை மீறி முன்னே நகர்ந்தவர் பெயரில் ஏன் அந்தச் சொல் அமையவில்லை? இச்செயலை முறையற்ற ஆட்டம் என்ற பிரிவிலிருந்து ரன் அவுட் பிரிவுக்கு விதிநூல் மாற்றியது 2022-ல்தான்.

1956 ஜனவரியில் மீண்டும் சென்னை. நியூசிலாந்துக்கு எதிராக மன்கட் 231 ரன். பங்கஜ் ராயோடு சேர்ந்து தொடக்க இணைக்கு 413. மூன்றாண்டு கழித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஐந்து டெஸ்டுகளில் இந்தியா நான்கு தலைவர்களை மாற்றியது. அவர்களுள் ஒருவராக, 41 வயதில், அதே சென்னையில் தோல்வியுற்ற அணிக்கு அவர் தலைமை தாங்கினார். அடுத்த தில்லி டெஸ்டோடு ஓய்வு. 44 டெஸ்டுகளில் 2,109 ரன், 162 விக்கெட். 1973-ல் பத்ம பூஷண் வந்தது. 1978 ஆகஸ்ட் 21 அன்று பம்பாயில் காலமானார். மகன் அசோக் 22 டெஸ்டுகள் ஆடினார். சென்னையின் அந்த 413-ஐ உலகில் எந்தத் தொடக்க இணையும் 2008 வரை தாண்டவில்லை.