பெர்ன்ஹார்ட் ஹேரிங்: மனச்சாட்சியை முன்னிறுத்திய குரு

இருபதாம் நூற்றாண்டில் கத்தோலிக்க அறநெறிக் கல்வியை மாற்றியமைத்தவர்களில் முக்கியமானவர் பெர்ன்ஹார்ட் ஹேரிங். ஜெர்மனியின் பொட்டிங்கன் கிராமத்தில் 1912ஆம் ஆண்டு பிறந்த அவர், 1939இல் குருவானார்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய இராணுவத்தின் மருத்துவப் பணியில் அவர் சேர்க்கப்பட்டார். குருவாகச் செயல்படத் தடை இருந்தும், காயமுற்றோருக்கும் உயிர் பிரியும் நிலையில் இருந்தோருக்கும் அருட்சாதனங்களை வழங்கினார்.

நாத்சி ஆட்சியின் கட்டளைகளுக்குக் கிறிஸ்தவர்கள் பலர் கேள்வியின்றிப் பணிந்ததை அவர் நேரில் கண்டார். அறநெறியின் மையம் கீழ்ப்படிதல் அல்ல, பொறுப்புணர்வே என்ற முடிவுக்கு அவர் வர இதுவே காரணமாயிற்று.

அதுவரை குருமடங்களில் அறநெறிப் பாடம் பெரும்பாலும் பாவங்களை வகைப்படுத்தும் சட்டத் தொகுப்பாகவே இருந்தது. 1954இல் வெளியான ஹேரிங்கின் 'கிறிஸ்துவின் சட்டம்' என்ற நூல், விவிலியத்தை அதன் அடித்தளமாக்கியது. இறையன்புக்கு மனிதர் அளிக்கும் பதிலே அறவாழ்வு என்று அது விளக்கியது.

ரோமிலுள்ள அல்போன்சியானா கல்விக்கழகத்தில் பல பத்தாண்டுகள் கற்பித்த அவர், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் வல்லுநராகவும் பங்கேற்றார். அறநெறி இறையியல் விவிலியத்தால் வளம்பெற வேண்டும் என்று 1965இல் அச்சங்கம் வலியுறுத்தியது.

ஆயினும் மூன்றாண்டுகளில் கருத்து முரண்பாடு எழுந்தது. செயற்கைக் கருத்தடையை நிராகரித்த போப் ஆறாம் பவுலின் 1968ஆம் ஆண்டுச் சுற்றுமடலை அவர் வெளிப்படையாக விமர்சித்தார். தம்பதியரின் மனச்சாட்சிக்கு இடம் வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு.

1970களில் அவரது எழுத்துகள் வத்திக்கானின் விசாரணைக்கு உள்ளாயின. அதே காலத்தில் தொண்டைப் புற்றுநோயும் அவரைத் தாக்கியது. குரல்வளையை இழந்த பின்னர் மீண்டும் பேசப் பழகிக் கற்பித்த அவர், இறுதிவரை குருவாகவே வாழ்ந்து, 1998 ஜூலை 3ஆம் தேதி காலமானார்.