சிங்காரவேலரும் மாணவர் ஊழியமும்

கலாசாலை மாணவர்க்கு ஜனசேவை ஒரு பாடமாக வேண்டுமென்பதில் அபிப்பிராய பேதமில்லை. காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-ல் 37 சர்வகலாசாலைகளில் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டத்தில், மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் ஊழியம் புரிய வேண்டுமென்பது விதி. ஆயின் அம்மணிகளில் மாணவன் கற்பது யாது? விடை காண விழைவோர் ம. சிங்காரவேலு செட்டியாரது வாழ்க்கையை நோக்குவாராக.

1860-ம் வருஷம் சென்னையில் மீனவர் குலத்திற் பிறந்த அவர், மாகாணக் கல்லூரியிற் பயின்று, ஹைகோர்ட்டில் வக்கீலானார். செல்வமும் பெரியதொரு நூல்நிலையமும் அவருக்கு இருந்தன. உயர்ந்த கல்வி பெற்றோர் பிறந்த குப்பத்தை மறத்தல் உலக வழக்கம், அவர் மறந்தாரில்லை. 1921-ல், அறுபது வயது கடந்தபின், ஒத்துழையாமையை ஏற்று வக்கீல் தொழிலைத் துறந்தார். அவ்வாண்டே பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார். 1922-ல் கயா காங்கிரஸில் தொழிலாளர் பொருட்டு வாதாடினார். 1923 மே முதல் நாள், ஹைகோர்ட்டுக்கு எதிர்க் கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் தொழிலாளர் தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதன்முறை. 1928-ல் தென்னிந்திய ரெயில்வே வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டு, 68-வது வயதிற் சிறை புகுந்தார். முதுமையிலும் விஞ்ஞானமும் பொருளாதாரமும் குறித்துத் தமிழில் எழுதிவந்தார். 1946-ல் காலஞ்சென்றார்.

ஏழைக்கு இரங்குவதோடு அவர் அமையவில்லை. ஏழ்மை விதியன்று, அதற்குக் காரணமுண்டு எனப் படித்தவர்க்கும் படியாதவர்க்கும் எடுத்துரைத்தார். மாணவர் ஊழியத்துக்கு இன்று வேண்டுவது இதுவே. இராயபுரத்துக் கடலோரத்திலும் திருவொற்றியூர் ஆலைப்புறத்திலும் ஒரு நாள் குப்பை வாரிப் படம் பிடித்துத் திரும்பும் மாணவன், தன் புண்ணியத்தை மட்டுமே காண்கிறான். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மீனவரது படகும் வலையும் கறுத்தன. அவ்வெண்ணெயை வழித்தெடுத்தல் தொண்டு. கழிவுகள் எளியவர் வாசலையே நாடிவருவது ஏனென விசாரித்தல் கல்வி. ஒன்றின்றி மற்றது நிரம்பாது.

இது மாணவர்க்கு அரசியல் புகட்டுவதாகுமெனச் சிலர் ஆட்சேபிக்கலாம். காரணம் வினவுதல் எல்லாக் கல்விக்கும் முதற்படி. பௌதிக சாஸ்திரத்தில் அதை அனுமதித்துச் சமூக வாழ்வில் தடுத்தல் நியாயமன்று.

துறைமுகத்துக்கருகே இராஜாஜி சாலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சிங்காரவேலர் பெயர் தாங்கி நிற்கிறது. பெயரிட்டதோடு நம் கடன் தீர்ந்ததாகாது. கலாசாலைத் தலைவர்கள் தம் மாணவரை ஒரே குப்பத்துக்கு வருஷ முழுதும் அனுப்பி, அவர்கள் கண்டதை வகுப்பில் ஆராயச் செய்வார்களாக. அங்ஙனஞ் செய்யின் அந்த 120 மணி நேரமும் பயனுறும் என்பது நம் துணிபு.