பியேர் சொன்னரா

பியேர் சொன்னரா (ஆகஸ்டு 18, 1748 – மார்ச் 31, 1814) பிரான்சு நாட்டைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் ஆவார். புதுச்சேரியில் பணியாற்றிய இவர், தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியை ஐரோப்பிய அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார். வீட்டுக்கோழி அதிலிருந்தே தோன்றியது என்பது இவரது கருத்து. நெடுங்காலம் மறுக்கப்பட்ட இக்கருத்தில் ஒரு பகுதி உண்மை உண்டு என 2008இல் தெரியவந்தது.

வாழ்க்கை

சொன்னரா லியோன் நகரில் பிறந்தார். 1768இல் மொரீசியசுத் தீவுக்குச் சென்று, தாவரவியலாளர் பிலிபேர் கொமேர்சோனிடம் பயிற்சி பெற்றார். 1776இல் நியூகினிப் பயணம் பற்றிய நூலை வெளியிட்டார். அங்கு வாழாத பென்குயின்களையும் அந்நாட்டுப் பறவைகளாக அதில் குறிப்பிட்டது பெரும் பிழையாகும்.

1774 முதல் 1781 வரை இந்தியா, சீனா முதலிய நாடுகளில் மேற்கொண்ட பயணங்களைப் பற்றிய நூல் 1782இல் வெளிவந்தது. தென்னிந்திய மக்களின் சமயம், தொழில்கள், விலங்குகள், தாவரங்கள் ஆகியவற்றை அதில் விவரித்துள்ளார். பின்னர் மீண்டும் பிரெஞ்சு இந்தியாவில் பணியாற்றினார். 1793இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றினர். 1813இல் நாடு திரும்பிய சொன்னரா, மறு ஆண்டு பாரிசில் காலமானார்.

கோழியின் மூதாதை

1813இல் டச்சு விலங்கியலாளர் தெம்மிங்க், சாம்பல் காட்டுக்கோழிக்குச் சொன்னராவின் பெயரால் அறிவியற்பெயர் சூட்டினார். எனினும், 1868இல் வெளியான தமது நூலில் சார்லசு டார்வின், சிவப்புக் காட்டுக்கோழி மட்டுமே வீட்டுக்கோழிகளின் மூதாதை என வாதிட்டார். இதுவே பொதுவாக ஏற்கப்பட்டது.

பல வீட்டுக்கோழி இனங்களின் தோலும் கால்களும் மஞ்சளாக இருக்கும். தீவனத்திலுள்ள மஞ்சள் நிறமிகளைச் சிதைக்கும் மரபணு தோலில் குறைவாகச் செயற்படுவதே இதற்குக் காரணம். இந்த மரபணு வடிவம் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வரவில்லை. பெரும்பாலும் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்தே கலப்பின் வழியாக வந்தது என 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஆகவே, முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழியே எனினும், அது மட்டுமே மூதாதை அன்று.

பெயரீடுகள்

விளச்சிப் பழத்தின் (லிச்சி) அறிவியற்பெயர் சொன்னரா இட்டதாகும். அலையாத்தித் தாவரப் பேரினம் ஒன்று சொன்னரேசியா எனப்படுகிறது. இப்பேரினத்தைச் சேர்ந்த மரங்கள் புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள பிச்சாவரத்தில் காணப்படுகின்றன.