தேவனும் அவர் படைத்த சாம்புவும்

மெய்ப்பாடுகளை எண்வகையாகப் பகுத்த தொல்காப்பியர் நகையை முதற்கண் வைத்தார். நாமோ, நகைச்சுவை எழுதிய ஆசிரியர்களைப் பெரும்பாலும் கடைசி வரிசையிலேயே அமர்த்துகின்றோம். சிரித்த மாத்திரத்தில் மறந்தும் விடுகின்றோம். அங்ஙனம் மறத்தற்குரியரல்லர், தேவன் என்னும் புனைபெயரால் விளங்கிய ஆர். மகாதேவன்.

இவர் 1913ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் திருவிடைமருதூரிற் பிறந்தார். கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். இளமையிலேயே ஆனந்த விகடன் ஆசிரியர் குழுவிற் சேர்ந்து, கல்கியின் கீழ்ப் பணியாற்றினார். கல்கி விலகிய பின்னர், 1942 முதல் தம் இறுதிக்காலம் வரை அவ்விதழின் நிர்வாக ஆசிரியப் பொறுப்பைத் தாமே தாங்கினார். வாரந்தவறாத அவ்வலுவலுக்கிடையே மிஸ்டர் வேதாந்தம், ஜஸ்டிஸ் ஜகந்நாதன் முதலிய தொடர்கதைகளையும் எழுதிக் குவித்தார். இவருடைய கோமதியின் காதலன் 1955இல் திரைப்படமாயிற்று.

எனினும், தேவன் என்றவுடன் தமிழர் நெஞ்சில் முதலில் தோன்றுபவன் துப்பறியும் சாம்புவே. மேனாட்டுத் துப்பறிவாளன் நுண்ணறிவால் வெல்வான். வங்கிக் குமாஸ்தாவாயிருந்து துப்பறிய வந்த சாம்புவோ தன் அசட்டுத்தனத்தால் வெல்வான். அவன் தடுக்கி விழுந்த இடத்திலே கள்வன் அகப்படுவான்; உலகம் அவனை மேதை என்று போற்றும். புகழென்பது சிலவேளைகளில் எத்துணைத் தற்செயலாய் வருகின்றது என்பதைத் தேவன் நோகாமல் உணர்த்திவிட்டார்.

கதைகளுக்கு முதலில் படம் வரைந்தவர் ராஜு. பின்னர் ஓவியர் கோபுலு சாம்புவைச் சித்திரத் தொடராகவே ஆக்கினார். இது எளிய செயலன்று. ஆசிரியர் ஒரு பக்கத்தில் விரித்துரைக்கும் அசட்டு முகத்தை ஓவியர் ஒரு கட்டத்துள் அடக்கல் வேண்டும். சொல்லிலிருந்த நகையை மூக்கிலும் விழியிலும் நடையிலும் ஏற்றல் வேண்டும். கோபுலு அதனைச் செய்து காட்டினார். சாம்பு நாடக மேடையும் ஏறினான், தொலைக்காட்சியிலும் தோன்றினான்.

இத்தகைய உருமாற்றம் பிறநாட்டாரிடத்தும் உண்டு. ஆங்கில நாட்டில் ரிச்சர்டு கார்டன் என்னும் மருத்துவர், மருத்துவ மாணாக்கரின் குறும்புகளைப் பற்றி 1952இல் வெளியிட்ட நகைச்சுவை நாவல் 1954இல் திரைப்படமாகவும் 1969இல் தொலைக்காட்சித் தொடராகவும் வடிவெடுத்தது. அந்நாட்டில் 1971இல் தோன்றிய லுக்-இன் என்னும் சிறுவர் இதழோ, தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களையே சித்திரக் கதைகளாக்கியது. உண்மையான நகைப்பாத்திரம் எவ்வுடை உடுத்தினும் தன்னை இழப்பதில்லை.

தேவன் 1957ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் மறைந்தார். அப்பொழுது வயது நாற்பத்து மூன்றே. தம் தொடர்கதைகளுட் பெரும்பாலானவை நூலுருப் பெற்றதை அவர் காணவில்லை. நாட்டினரைச் சிரிக்கவைத்தவருக்கு அச்சிறு மகிழ்ச்சி கிட்டாமற்போனது வருந்தத்தக்கது. எழுதியவர் கண்மூடிய பின்னரே அவர்தம் கதைகள் நூல்களாய் உலவலாயின.

அண்ணனூரிலும் ஆவடியிலும் ரயிலேறிக் கல்லூரிக்கு வரும் நம் மாணாக்கர், அவ்வழிப்பொழுதில் சாம்புவின் கதையொன்றைப் படிப்பாராக. வாய்விட்டுச் சிரித்தபின், அச்சிரிப்பை ஈந்தவரின் பெயரையும் ஒருகணம் நினைப்பாராக. அதுவே அவருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றிக்கடன்.