கோட்டை பாண்டு கொடுத்த பாட்டு

மதுரை சிம்மக்கல்லில் ஒரு கல்யாண ஊர்வலம். முன்னால் பாண்டு வாத்தியம் போகிறது. கிளாரினெட் பாடுகிறது. பித்தளைக் குழல்கள் முழங்குகின்றன. டிரம் அதிர்கிறது. நடை தூரத்தில் மீனாட்சி அம்மன் கோயில்.

வெள்ளைக்காரர் கொண்டுவந்த இந்தப் பாண்டின் மெட்டிலேயே நம் மீனாட்சியைப் பாடியவர் ஒருவர் உண்டு. அவர்தான் முத்துசுவாமி தீட்சிதர். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர்.

1775-ம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். தந்தை ராமசாமி தீட்சிதர் பெரிய வித்வான். சென்னைக்கு வடக்கே மணலியில் இருந்த முதலியார் குடும்பம் இவர்களை அழைத்து ஆதரித்தது. அப்போது சென்னையில் நடந்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி. மணலி சின்னையா முதலியார் கம்பெனியில் துபாஷி. அதாவது, மொழிபெயர்ப்பாளர். அவர் தீட்சிதர் சகோதரர்களைக் கோட்டைக்கு அழைத்துப்போய் பாண்டு கேட்க வைத்தார்.

ஊரை ஆளுகிறவர்களின் இசை அது. கேட்டு மயங்கித் தம் இசையை மறந்திருக்கலாம். அந்நிய இசை என்று காதைப் பொத்தியும் இருக்கலாம். சகோதரர்கள் இரண்டையும் செய்யவில்லை.

தம்பி பாலுசாமி பிடில் கற்றார். நம் சங்கீதத்தை அதில் வாசித்துக் காட்டினார். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா?

அண்ணனோ மெட்டுகளை எடுத்துக்கொண்டார். அவை நம் சங்கராபரண ராகத்தின் சுவரங்களோடு ஒத்துப்போயின. அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் தெய்வப் பாட்டுகள் எழுதினார். ஆங்கில மன்னரை வாழ்த்தும் மெட்டில் பிறந்தது சந்ததம் பாஹிமாம். அயர்லாந்து நாட்டு ஆட்ட மெட்டு ஒன்றில் பிறந்தது வந்தே மீனாட்சி. இப்படிச் சுமார் 40 பாட்டுகள். இவற்றுக்கு நோட்டு சுவரம் என்று பெயர். இன்றும் குழந்தைகள் பாட்டு வகுப்பில் இவற்றைக் கற்கிறார்கள்.

பாண்டு கேட்டதால் அவருடைய வழி மாறவில்லை. வீணையின் குழைவோடு நிதானமாக நடக்கும் பெரிய கீர்த்தனைகளை, கோயில் கோயிலாகச் சென்று பாடினார்.

பிற்காலத்தில் தம்பிகளைத் தேடி மதுரைக்கு வந்தார் என்பார்கள். இன்னொரு தம்பி சின்னசாமி இறந்துவிட்ட துயரச் செய்தி அவருக்குக் காத்திருந்தது. பாலுசாமி எட்டயபுரம் சமஸ்தானத்தில் இருந்தார். தீட்சிதர் அங்கே சென்றார்.

1835-ம் ஆண்டு தீபாவளி நாள். எட்டயபுரத்தில் சீடர்கள் அவருடைய மீனாட்சி கீர்த்தனை ஒன்றைப் பாட, அதைக் கேட்டபடியே அவர் உயிர் பிரிந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி.

இளமையில் அந்நிய மெட்டில் பாடியதும் மீனாட்சியை. கடைசியில் காதில் விழுந்ததும் மீனாட்சியின் பாட்டு. மெட்டு எங்கிருந்தும் வரலாம். மனம் தன் இடத்தில் இருந்தால் போதும்.