யார் கையில் துப்பாக்கி, யார் பக்கம் சட்டம்: ஐடா பி. வெல்ஸின் வாழ்க்கை சொல்வது

1865 நவம்பரில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உள்ளூர் நிர்வாகக் குழுவின் உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ பெரிய கத்தியோ வைத்திருப்பது குற்றம் என்றது அச்சட்டம். மீறுவோருக்கு அபராதம் உண்டு. அவர்களிடமிருந்து பறிக்கப்படும் ஆயுதம், காட்டிக்கொடுத்தவருக்கே உரியதாகும். அடிமைமுறைக்கு முடிவுகட்டிய உள்நாட்டுப் போர் ஓய்ந்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. அந்த மாநிலத்தின் ஹாலி ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் அடிமைப் பெற்றோருக்கு 1862 ஜூலை 16 அன்று பிறந்த ஐடா பி. வெல்ஸுக்கு அப்போது வயது மூன்று.

அமெரிக்காவின் துப்பாக்கி விவாதத்தில் இன்று அடிக்கடி எடுத்தாளப்படும் பெயர்களுள் ஒன்று அவருடையது. ஒவ்வொரு கறுப்பினத்தவர் வீட்டிலும் வின்செஸ்டர் துப்பாக்கிக்கு மதிப்புக்குரிய இடம் தரப்பட வேண்டும் என்று 1892-இல் அவர் எழுதினார். துப்பாக்கி உரிமையை ஆதரிப்போர் அந்த ஒரு வாக்கியத்தைத் தம் கொள்கைக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். அதை எழுதிய பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் என்ன செய்தார் என்பதை அவர்கள் பேசுவதில்லை. அந்த வாக்கியத்தை அவருடைய முழு வாழ்வோடு சேர்த்துப் படிப்பவர்களுக்கு வேறொரு கேள்வி எழும்: ஓர் அரசு ஒரு பகுதி மக்களின் உயிரைக் காக்க மறுக்கும்போது, அவர்களிடம் மட்டும் ஆயுதத்தைக் கீழே போடச் சொல்லும் தகுதி அதற்கு உண்டா?

விடுதலைக்குப் பின் வந்த அச்சம்

ஐடாவின் தந்தை ஜேம்ஸ் வெல்ஸ் தச்சர்; தாய் எலிசபெத் சமையல் தொழிலாளி. விடுதலைக்குப் பிறகும் ஜேம்ஸ் தம் பழைய எசமானரிடமே கூலிக்கு வேலை செய்தார். தேர்தலில் எசமானர் சொன்ன கட்சிக்கு வாக்களிக்க மறுத்ததால் பட்டறையின் கதவு அவருக்கு அடைக்கப்பட்டது. அவர் புதிய கருவிகளை வாங்கிக்கொண்டு தனியே தொழில் தொடங்கினார். அரசியல் கூட்டங்களுக்குச் சென்ற கணவர் திரும்பும்வரை தாய் இரவில் உறங்காமல் நடந்துகொண்டிருப்பார். கு க்ளக்ஸ் கிளான் என்னும் பெயரை, அதன் பொருள் புரியும் முன்பே ஐடா கேட்டறிந்திருந்தார்.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1873 ஏப்ரலில் லூசியானா மாநிலத்தின் கோல்ஃபாக்ஸ் ஊரில், தேர்தல் முடிவைக் காக்க நீதிமன்றக் கட்டடத்தில் திரண்டிருந்த கறுப்பின மக்களை ஆயுதமேந்திய வெள்ளையர் கும்பல் தாக்கியது. கொல்லப்பட்டோரில் பலர் சரணடைந்த பின் சுடப்பட்டவர்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது, 1876-இல் கொலையாளிகளின் தண்டனைகள் நீக்கப்பட்டன. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கூறும் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் ஒன்றிய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும். தனியாரின் கும்பல் அந்த உரிமையைப் பறித்தால் அத்திருத்தம் காப்பு தராது என்று நீதிமன்றம் விளக்கியது. கறுப்பின மக்களுக்கு உரிமை ஏட்டில் இருந்தது. அதைக் காக்க யாரும் இல்லை.

1878-இல் பரவிய மஞ்சள் காய்ச்சல் ஐடாவின் பெற்றோரையும் கைக்குழந்தையாக இருந்த தம்பியையும் பறித்தது. பதினாறு வயதில் ஆசிரியப் பணி ஏற்று உடன்பிறந்தோரைக் காக்கும் பொறுப்பைச் சுமந்தார். பின்னர் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகருக்குச் சென்றார். மகளிர் பெட்டியிலிருந்து எழுந்து செல்ல மறுத்ததால் ரயிலிலிருந்து வலுவில் இறக்கப்பட்ட அவர், வழக்குத் தொடுத்து 1884-இல் 500 டாலர் இழப்பீடு பெற்றார். 1887-இல் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. சட்டத்தை நம்பி நீதிமன்றம் சென்ற ஒருவரைச் சட்டமே கைவிட்ட முதல் அனுபவம் அது.

மெம்ஃபிஸ், 1892

1889-இல் ஃப்ரீ ஸ்பீச் என்னும் செய்தித்தாளின் பங்குதாரரானார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் சீர்கெட்டுக் கிடப்பதை எழுதியதற்காக 1891-இல் ஆசிரியப் பணியை இழந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் நிகழ்ந்த ஒரு படுகொலை அவருடைய வாழ்வின் திசையைத் தீர்மானித்தது.

மெம்ஃபிஸின் புறப்பகுதியில் கறுப்பினத்தவர் சிலர் கூட்டாகப் பீப்பிள்ஸ் குரோசரி என்னும் மளிகைக் கடையை நடத்திவந்தனர். அதுவரை அப்பகுதி வணிகத்தைத் தன் பிடியில் வைத்திருந்த வெள்ளையர் கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. சிறுவர்களின் கோலிக்குண்டுச் சண்டை பெரியவர்களின் பகையாக வளர்ந்தது. மார்ச் 5 இரவு ஆயுதங்களோடு வெள்ளையர் குழு ஒன்று கடையை நெருங்கியது. கடையைக் காத்து நின்றவர்கள் சுட்டதில் மூவர் காயமடைந்தனர். வந்தவர்கள் ஷெரிஃபின் ஆட்கள் என்று பின்னர் சொல்லப்பட்டது. கறுப்பினத்தவரின் வீடுகள் சோதனையிடப்பட்டுப் பலர் சிறையில் அடைக்கப்பட்டனர். டென்னசி ரைஃபிள்ஸ் என்னும் கறுப்பினத்தவரின் குடிப்படை முதல் சில இரவுகளில் சிறைக்குக் காவல் நின்றது. அந்தக் காவல் இல்லாத இரவில், மார்ச் 9 விடியலுக்கு முன், முகமூடியணிந்த கும்பல் சிறைக்குள் நுழைந்து தாமஸ் மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் ஆகிய மூவரை இழுத்துச் சென்று ஊருக்கு வெளியே சுட்டுக் கொன்றது.

அதே நாட்களில் நீதிபதியின் ஆணைப்படி அந்தக் குடிப்படையின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. கறுப்பினத்தவருக்குத் துப்பாக்கி விற்பதையும் கடைகள் நிறுத்தின. வெள்ளையர் கும்பலின் ஆயுதங்களை யாரும் தேடவில்லை. கொலைக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. ஆயுதக் கட்டுப்பாடு என்னும் சொல்லுக்கு மெம்ஃபிஸின் கறுப்பின மக்கள் அந்த வாரத்தில் கண்ட பொருள் இதுவே.

அஞ்சல்காரரான தாமஸ் மாஸ், ஐடாவின் நெருங்கிய நண்பர். அவர் மகளுக்கு ஐடா ஞானத்தாய். கொலைக்குப் பின் ஐடா முதல் வேலையாக ஒரு கைத்துப்பாக்கியை வாங்கினார். ஆனால் தம் செய்தித்தாளில் அவர் மக்களிடம் பழிக்குப்பழி வாங்கச் சொல்லவில்லை. உயிருக்குக் காப்பளிக்காத ஊரை விட்டு வெளியேறுமாறு எழுதினார். ஆயிரக்கணக்கானோர் மேற்கு நோக்கிப் புறப்பட்டனர். இருந்தவர்கள் டிராம் வண்டிகளைப் புறக்கணித்தனர். வருமானம் சரிந்த நிறுவனத்தின் அலுவலர்கள் அவருடைய அலுவலகம் தேடிவந்து, பயணிகளைத் திரும்ப வரச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டனர்.

எண்ணிக் காட்டிய பெண்

வெள்ளையப் பெண்களின் மானம் காக்கவே கும்பல் படுகொலைகள் நிகழ்கின்றன என்பது அன்றைய பொதுக்கருத்து. தாமஸ் மாஸின் சாவு அந்தப் பொய்யை ஐடாவுக்கு உடைத்துக் காட்டியது. அவர் மேல் அப்படி ஒரு குற்றச்சாட்டே இல்லை. அவர் செய்த ஒரே பிழை, போட்டிக் கடை நடத்தியது. ஐடா ஒவ்வொரு படுகொலையாக விசாரிக்கத் தொடங்கினார். மே 1892-இல் அந்தப் பொதுக்கருத்தைக் கேள்விக்குள்ளாக்கி அவர் எழுதிய சிறு தலையங்கம் வெளியானதும், கும்பல் அவருடைய அச்சகத்தை அழித்தது. அப்போது வடக்கே பயணத்திலிருந்த அவருக்கு, திரும்பினால் கொல்லப்படுவார் என்ற எச்சரிக்கை கிடைத்தது.

நியூயார்க்கில் தங்கி அவர் வெளியிட்ட சதர்ன் ஹாரர்ஸ் என்னும் சிறுநூலில்தான் வின்செஸ்டர் பற்றிய வாக்கியம் இடம்பெற்றது. அவ்வாண்டில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லிலும் கென்டக்கியின் பதூக்காவிலும் மட்டுமே திட்டமிட்ட படுகொலைகள் நடக்காமல் போயின. அவ்விரு இடங்களிலும் கறுப்பினத்தவர் ஆயுதமேந்திக் காவல் நின்றார்கள் என்று அவர் சான்று காட்டினார். சட்டம் தர மறுக்கும் காப்புக்கே அந்தத் துப்பாக்கி என்பதையும் அதே இடத்தில் தெளிவாக்கினார். அதே நூலில் புறக்கணிப்பு, இடப்பெயர்வு, பத்திரிகை ஆகியவற்றையும் போராட்ட வழிகளாக முன்வைத்தார்.

1895-இல் வந்த த ரெட் ரெக்கார்ட் அவருடைய முறையை முழுமையாகக் காட்டியது. வெள்ளையர் நடத்திய சிகாகோ ட்ரிப்யூன் இதழ் தொகுத்த பட்டியல்களையே அவர் ஆதாரமாகக் கொண்டார். பெயர், நாள், ஊர், சாட்டப்பட்ட காரணம் என அடுக்கினார். பாலியல் குற்றம் சாட்டப்பட்டவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்று அப்பட்டியல்களே கூறின. எதிரியின் ஏட்டிலிருந்தே எடுத்த கணக்கை யாரும் கட்டுக்கதை என்று தள்ள முடியவில்லை. 1893-இலும் 1894-இலும் பிரிட்டனுக்குச் சென்று அங்குள்ள பொதுமக்களிடமும் இக்கொடுமையை எடுத்துரைத்தார்.

துப்பாக்கியின் எல்லை

1895-இல் வழக்குரைஞர் ஃபெர்டினான்ட் பார்னெட்டை மணந்து சிகாகோவில் குடியேறினார். அவர் வாழ்ந்த இல்லினாய் மாநிலத்தில் 1905-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. காவலில் உள்ளவரைக் கும்பலிடம் பறிகொடுக்கும் ஷெரிஃப் பதவி இழப்பார் என்பது அதன் சாரம். 1909 நவம்பரில் அம்மாநிலத்தின் கெய்ரோ நகரில் வில் ஜேம்ஸ் என்பவரைக் கும்பல் கொன்றது. பதவி இழந்த ஷெரிஃப் மீண்டும் பதவி கோரி ஆளுநரிடம் முறையிட்டார். உள்ளூர்க் கறுப்பினத்தவர் சிலரே அவருக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டிருந்தனர். ஐடா தனியே கெய்ரோ சென்று விசாரித்தார். மக்களைக் கூட்டி அவர்கள் மனத்தை மாற்றினார். ஆளுநர் முன் வழக்குரைஞர்களுக்கு எதிரே தாமே நின்று வாதிட்டார். ஷெரிஃபின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. ஒரு துப்பாக்கியும் தூக்கப்படாமல், காக்கத் தவறிய அதிகாரி தண்டிக்கப்பட்டார்.

பத்தாண்டுகள் கழித்து ஆர்க்கன்சாஸில் துப்பாக்கியின் மறுபக்கம் தெரிந்தது. 1919 செப்டம்பர் 30 இரவு, எலெய்ன் ஊருக்கருகே ஒரு தேவாலயத்தில் கறுப்பினக் குத்தகை விவசாயிகள் பருத்திக்கு நியாய விலை கேட்கச் சங்கமாகக் கூடினர். வாசலில் ஆயுதக் காவல் இருந்தது. வந்த வெள்ளையருக்கும் காவலருக்கும் இடையே துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து வெள்ளையர் ஒருவர் இறந்தார். அடுத்த நாட்களில் அண்டைப் பகுதிக் கும்பல்கள் திரண்டன. ஒன்றிய அரசின் இராணுவமும் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் கொல்லப்பட்டதாகப் பல ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். கறுப்பினத்தவர் பன்னிருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. வெள்ளையர் எவர் மீதும் வழக்கில்லை. ஒரு சங்கத்தின் காவலர் சிலரிடம் இருந்த துப்பாக்கிகளால் கும்பலும் இராணுவமும் சேர்ந்த வலிமையை எதிர்க்க முடியவில்லை.

ஐடா உறவினர் போலச் சிறைக்குள் சென்று அந்தப் பன்னிருவரைச் சந்தித்தார். அவர்களுடைய வாக்குமூலங்களையும் அவர்கள் இழந்த பருத்தி விளைச்சலின் மதிப்பையும் கணக்கிட்டு 1920-இல் சிறுநூலாக வெளியிட்டார். பலருடைய சட்டப் போராட்டத்தின் விளைவாக 1923-இல் உச்ச நீதிமன்றம், கும்பலின் மிரட்டலுக்கு நடுவே நடந்த விசாரணை விசாரணையே ஆகாது என்னும் நிலையை எடுத்தது. 1925-க்குள் பன்னிருவரும் விடுதலையாயினர்.

இன்றைய விவாதமும் நமது சட்டமும்

1931 மார்ச் 25 அன்று ஐடா மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கேள்வி ஓயவில்லை. 1967-இல் கலிஃபோர்னியாவில் பிளாக் பாந்தர் கட்சியினர் சட்டப்படியே துப்பாக்கி ஏந்திக் காவல்துறையைக் கண்காணித்தபோது, பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏந்தத் தடை விதிக்கும் சட்டம் விரைந்து வந்தது. அதில் கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். 2010-இல் சிகாகோவின் கைத்துப்பாக்கித் தடையை உச்ச நீதிமன்றம் பரிசீலித்தபோது, விடுதலை பெற்ற அடிமைகளின் ஆயுதங்கள் பறிக்கப்பட்ட வரலாறு தீர்ப்பில் பேசப்பட்டது. ஆனால் 2016-இல் மின்னசோட்டாவில், தம்மிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருப்பதைத் தாமே சொன்ன கறுப்பினத்தவர் ஒருவரைக் காவலர் காருக்குள்ளேயே சுட்டுக் கொன்றார். அந்தக் காவலர் விடுவிக்கப்பட்டார். மறுபுறம், துப்பாக்கிக் கொலைகளில் வெள்ளையரைவிடப் பன்மடங்கு அதிக விகிதத்தில் மடிவோரும் கறுப்பின மக்களே. எனவே கட்டுப்பாடு வேண்டாம் என்று வாதிட ஐடாவைத் துணைக்கு அழைப்பது அவருக்குச் செய்யும் நியாயமாகாது.

இந்தக் கேள்வி நமக்கும் அயலானதன்று. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995-இல் வகுக்கப்பட்ட விதிகளுள் மூன்றாம் விதியைப் படித்துப் பார்க்கலாம். வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை மாநில அரசு கண்டறிய வேண்டும். தேவையெனில் அங்குப் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதோரின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் சேர்க்க வேண்டும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். உயிரையும் உடைமையையும் காக்கத் தேவையெனில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்க வேண்டும் என்கிறது அவ்விதி. மிசிசிப்பியின் 1865-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நேர் எதிரான திசையில் எழுதப்பட்ட விதி இது. ஆயுதத்தின் ஆபத்து யாரிடமிருந்து யாரை நோக்கி வருகிறது என்பதை அது மறைக்கவில்லை.

உரிமம் வழங்குவது அவ்விதியின் ஒரு கூறு மட்டுமே. ஆதிக்கத்தின் ஆயுதத்தை முதலில் களைவது, அதைச் செய்யாத அதிகாரியைப் பொறுப்பாக்குவது ஆகியவையே ஐடாவின் வாழ்க்கை வலியுறுத்தும் வழி. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கும் நாட்டில் அதைத் தொடங்க ஒரு விண்ணப்பம் போதும். உங்கள் மாவட்டத்தில் மூன்றாம் விதியின்படி கண்டறியப்பட்ட பகுதிகள் எவை, அங்கு ரத்து செய்யப்பட்ட உரிமங்கள் எத்தனை, எந்த அதிகாரி எந்த நாளில் பார்வையிட்டார் எனக் கேட்கலாம். வரும் பதிலைப் பெயர், நாள், ஊர் என்று அடுக்கி வெளியிடலாம். கும்பல் படுகொலையைத் தனிக் குற்றமாக்கும் ஒன்றியச் சட்டம் அமெரிக்காவில் 2022-இல்தான் நிறைவேறியது. ஐடா தம் கணக்கெடுப்பைத் தொடங்கி அதற்குள் 130 ஆண்டுகள் ஆகியிருந்தன. நமக்கு விதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. அது நடைமுறையில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் வேலைதான் மிச்சம்.